செங்கமாரிக் காலம்

என் கணவருக்கு முதலில் கடித்தது உள்ளங்கை, பிறகு உள்ளங்கால். யாழ்ப்பாணத்துப் பேச்சில் தோல் அரித்தாலும் நாங்கள் கடிக்குது என்றுதான் சொல்வோம். நுளம்பு குத்தினாலும் கடிதான், ஒன்றுமே குத்தாமல் சும்மா சொறிய வேண்டும் போலிருந்தாலும் கடிதான். பிறந்த நாள் தொடக்கம் வாயில் கிடக்கும் சொல். அதைத் தூக்கி இன்னொரு மொழியில் வைத்தால் என்ன ஆகும் என்று யார் யோசித்தது?

அது தொண்ணூறுகளின் நடுவில் வந்த ஒரு மாரி, கனடாவின் பனிக்காலம். ரொறன்ரோவில், மில்லிக்கனில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில் குடியிருந்தோம். மேலே வீட்டுக்காரக் குடும்பம், கீழே நாங்கள் இருவர். அவருக்குப் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் பெட்டி ஏற்றும் வேலை. பின்னேரம் போனால் விடியத்தான் வருவார். நான் விடிய வெளிக்கிட்டு, பஸ்ஸும் சப்வேயும் பிடித்து, நகரத்து நடுவில் இருந்த ஓர் ஆய்வுகூடத்துக்குப் போவேன். வாசலில் சப்பாத்து மாற்றும்போது ஒருவரையொருவர் கண்டால் அதுதான் அன்றைய குடும்ப வாழ்க்கை. சேர்ந்து வாழத்தானே இவ்வளவு பாடுபட்டு இந்த நாட்டுக்கு வந்தோம் என்று எனக்கு எரிச்சல் வரும். அவர் சிரிப்பார்.

"இஞ்சாரும், கை சரியாக் கடிக்குது" என்றார் ஒரு நாள் விடிய, சப்பாத்தைக் கழற்றாமலே.

"பனிக்குத் தோல் காயுது. எண்ணெய் பூசுங்கோ."

"பூசினனான். வேலையில தாற கையுறை ஒத்துக்கொள்ளேல்லைப் போல."

"அப்ப கால்? காலுக்கும் கையுறையே போட்டனீங்கள்?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதோடு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

எண்ணெய்க்கு அது அடங்கவில்லை. முதுகுக்கு ஏறியது, வயிற்றுக்கு வந்தது. சீப்பால் சொறிந்தார், கதவு நிலையில் மாடு மாதிரி முதுகை உரஞ்சினார். அவருடைய சேர்ட்டுகளில் இரத்தப் புள்ளிகள் காயத் தொடங்கின. நான் நகவெட்டியை எடுத்து நகங்களை ஒட்ட வெட்டிவிட்டேன். அது எங்களுக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. விடிய நான் வேலைக்குப் போகுமுன் அவர் கட்டில் விளிம்பில் இருந்து கையை நீட்டுவார், நான் ஒவ்வொரு விரலாகப் பிடித்து வெட்டுவேன், அவர் அரைத் தூக்கத்தில் தலையை ஆட்டிக்கொண்டிருப்பார். சொன்னால் வெட்கம், எனக்கு அந்த நேரம் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை மட்டும் விடமாட்டார். வெள்ளியிலே நகம் வெட்டினால் வீட்டுக்கு ஆகாது, விளக்கு வைத்த பிறகு எந்த நாளிலும் ஆகாது, இது அவருடைய சட்டம். மாட்டிறைச்சி தின்பார், கோவிலுக்கு இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும், ஆனால் இதிலே மட்டும் அசையமாட்டார். ஒரு வெள்ளிக்கிழமை முழுவதும் கைகளைச் சொக்ஸுக்குள் செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். சனி விடிந்ததும் தானே நகவெட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். கனடாவில் வெள்ளிக்கிழமைக்கு அவ்வளவு பவர் இல்லை என்று நான் பகிடி பண்ணினேன்.

கடைசியில் பிளாசாவில் இருந்த வோக்-இன் கிளினிக்குக்குத் தனியாகப் போனார். எனக்கு வேலை. திரும்பும்போது ஒரு பெரிய போத்தல் களிம்பும் ஒரு செய்தியும் கொண்டுவந்தார்.

"பூச்சியாம். தோலுக்குள்ள இருக்குமாம். உமக்கும் பூசட்டாம்."

"பூச்சியோ? என்ர வீட்டிலயோ?"

"டொக்டர் சொல்லுறார் எண்டால் நான் என்ன செய்ய?"

எனக்கு உடம்பு கூசியது. கழுத்திலிருந்து கால் வரைக்கும் இருவரும் அந்தக் களிம்பைப் பூசிக்கொண்டு பேய்கள் மாதிரி நின்றோம். சீலை, போர்வை, யன்னல் துணி எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டேன். அவருக்குப் பிடித்த மெத்தையைப் பனிக்குள் இழுத்துக்கொண்டு போய் வீதியோரம் போட்டோம். செய்தி எப்படியோ மேலே ஏறியது. மேல்வீட்டு அன்ரி படியிலே வெள்ளையாக மருந்துத்தூள் கோடு இழுத்தா. தன்னுடைய வோஷிங் மெஷினை இனிமேல் பாவிக்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லி அனுப்பினா. பூச்சி மருந்து அடிக்கிறவன் வந்து போனான். பைகளில் உடுப்பைக் கட்டிக்கொண்டு பனிக்குள்ளே பிளாசாவுக்கு நடக்கும்போது நான் அந்த அன்ரியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைச் சொறிந்துகொண்டு நின்றார்.

இதற்குள் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. நான் ஊரில் விலங்கியல் படித்தவள். ரொறன்ரோவில் அந்தப் படிப்புக்குக் கிடைத்தது முதலில் கண்ணாடிக் குவளைகளைக் கழுவும் வேலை. பிறகு எலிகளுக்குச் சாப்பாடு வைத்தேன். பிறகு எலி ஈரலை மெல்லிய சீவல்களாகச் சீவிச் சாயம் போடப் பழகினேன். ஆய்வுகூடத்தை நடத்திய வெள்ளைக்காரப் பெண்ணை நான் மனதுக்குள் ரீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். அவ எலியை மயக்கி, ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகும் குழாயை நூலால் கட்டிவிட்டு, வயிற்றைத் தைத்துவிடுவா. எலிக்குப் பித்தப்பை கிடையாது. போக இடமில்லாத பித்தம் நேரே ஈரலுக்குள் திரும்பும். சில நாட்களில் எலியின் காதும் வாலும் மஞ்சளாகும், கூட்டில் போட்ட மரத்தூள் செம்மஞ்சளாகும். அதன் பிறகு ஈரலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை.

நடப்பது இதுதான். பித்தம் ஒரு வகைச் சவர்க்காரம். நாங்கள் தின்னும் கொழுப்பைக் கரைப்பதற்கென்று ஈரல் அதைச் செய்து குடலுக்கு அனுப்புகிறது. வழி அடைபட்டால் அந்தச் சவர்க்காரம் செய்த இடத்திலேயே தேங்கி, ஈரல் கலங்களின், அதாவது செல்களின், மென்சவ்வைக் கரைக்கத் தொடங்குகிறது. உள்ளே புகுந்து இழைமணிகளைக் கெடுக்கிறது. இழைமணி என்றால் கலத்துக்குச் சக்தி செய்துகொடுக்கும் சின்னஞ்சிறு உறுப்பு; பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்த அந்தச் சொல்தான் எனக்கு இன்றைக்கும் வாயில் வரும். அது பழுதானால் கலத்துக்குள் கல்சியம் பெருகுகிறது, மூச்சுக்கு உதவிய ஒட்சிசனே நஞ்சாகிறது, கலம் சாகிறது. பக்கத்தில் வைற்றமின் ஏ-யைச் சேமித்துக்கொண்டு சும்மா கிடந்த வேறு கலங்கள் அந்தச் சாவைக் கண்டு விழித்துக்கொள்கின்றன. புண்ணை ஆற்றுகிறோம் என்று நார் நெய்யத் தொடங்கி, நிறுத்தத் தெரியாமல் நெய்துகொண்டே போகின்றன. சாயம் போட்டால் அந்த நார் சிவப்பாகத் தெரியும். சிவப்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு.

அந்த ஆண்டுகளில் எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு வாதம் ஓயாமல் நடந்தது. பித்தம் கலத்தைக் கொல்கிறதா, அல்லது பித்தம் காட்டும் ஏதோ ஒரு சைகைக்குக் கலம் தானே தன்னை முடித்துக்கொள்கிறதா? கோப்பி குடிக்கும் நேரத்திலும் அதே கதைதான். நானும் வாய் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்போது எனக்கு அது நல்ல சுவாரசியமான கேள்வி.

ஒரு ஞாயிறு பகல் இருவருக்கும் லீவு. வாகனம் விடும் பாதையில் பனி அள்ளுவது எங்கள் முறை. பேஸ்மென்றில் மஞ்சள் பல்ப் வெளிச்சம், அதற்குள் எல்லாரும் கொஞ்சம் மஞ்சள்தான். பகல் வெளிச்சத்தில் நான் அவருடைய முகத்தைப் பார்த்து வாரக்கணக்காகியிருந்தது. வெயில் பனியில் பட்டுக் கண் கூசியது. அவர் பனி அள்ளும் சவளை ஊன்றிக்கொண்டு என்னிடம் ஏதோ சொல்லத் திரும்பினார். கண்ணின் வெள்ளை முழுவதும் மஞ்சள். அந்த மஞ்சளை நான் கிழமையில் ஐந்து நாள் பார்க்கிறேன்.

"இஞ்ச பாருங்கோ, மூத்திரம் என்ன நிறமாப் போகுது?"

"என்ன கேள்வி இது, றோட்டில வைச்சு?"

"சொல்லுங்கோ."

"தேத்தண்ணி மாதிரி. வேலையில தண்ணி குடிக்க நேரமில்லை, அதுதான்."

"மற்றது? வெளிக்குப் போறது?"

அவர் வெட்கப்பட்டுக் குனிந்து பனியைப் பார்த்தார்.

"வெள்ளையா. சாந்து குழைச்ச மாதிரி. கனநாளா அப்பிடித்தான்."

நான் பனிக்குள்ளேயே இருந்துவிட்டேன். பித்தம் குடலுக்குப் போகவில்லை, அதனால்தான் மலத்துக்கு நிறமில்லை. குழாய் எங்கோ அடைபட்டுவிட்டது. பூச்சியும் இல்லை, கையுறையும் இல்லை. எங்கள் கூடுகளில் இருக்கும் எலிகளுக்கு நடப்பது என் வீட்டில், என் கட்டிலில், மாரி முழுவதும் நடந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவன் கட்டில் அருகே நின்று கேள்வி கேட்டுக்கொண்டே எழுதினான். காய்ச்சல் உண்டா, நோவு உண்டா, எடை குறைந்ததா. பிறகு இட்சிங் உண்டா என்று கேட்டான். என் கணவர் தலையை உறுதியாக ஆட்டினார்.

"நோ இட்சிங், டொக்டர். ஒன்லி பைற்றிங்."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"கிளினிக்கில அந்த டொக்டரிட்ட என்ன சொன்னனீங்கள்?"

"உள்ளதைத்தான் சொன்னனான். மை பொடி இஸ் பைற்றிங் எண்டு. என்ன கடிக்குது எண்டு கேட்டார். தெரியாது, இரவிலதான் கூட எண்டன்."

"இட்சிங் எண்டால் என்னெண்டு நினைச்சனீங்கள்?"

"சிரங்குதானே?"

ஐயோ என்று இருந்தது. அந்த மனுசன் பொய் சொல்லவில்லை. கடிக்கிறது என்று சொன்னார், என்ன கடிக்கிறது என்று அவர்கள் தேடினார்கள், பூச்சி என்று முடிவெடுத்தார்கள். யாரிலே கோபப்படுவது? நான் இளம் டொக்டரைப் பிடித்து, சொறி, அரிப்பு, தினவு என்று எனக்குத் தெரிந்த எல்லாச் சொல்லையும் ஆங்கிலத்தில் கொட்டினேன். அவன் பொறுமையாக எழுதிக்கொண்டான். என் கணவர், என்ன பிழை விட்டேன் என்று விளங்காமல், என் சேர்ட்டுக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஈரலின் இரண்டு பக்கத்துக் குழாய்களும் ஒன்றாகச் சேரும் கவரில் அடைப்பு. கல்லாக இருக்கட்டும், கடவுளே கல்லாக இருக்கட்டும் என்று நான் நடைபாதையில் நின்று மன்றாடினேன். கல் என்றால் எடுத்துவிடலாம். கல் இல்லை, புற்று வளர்ச்சி. வெட்ட முடியாத இடம் என்றார் சத்திரசிகிச்சை நிபுணர். முன்னமே வந்திருந்தால் என்று நான் கேட்டேன். வித்தியாசம் இருந்திருக்காது என்றார். அவர் உண்மையைச் சொன்னாரா, என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த ஒரு பதிலை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

வாய்வழியே கமரா விட்டு, அடைப்புக்கு ஊடாக ஒரு பிளாஸ்ரிக் குழாயைச் செருகினார்கள். பித்தம் ஓடத் தொடங்கியது. சில நாளில் கடி நின்றது. அவர் மாதக்கணக்கில் தூங்காத தூக்கத்தை எல்லாம் தூங்கினார். ஒரு காலை குளியலறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். பயந்து ஓடினேன். கதவைத் திறந்து, கக்கூசுக் கோப்பையைக் காட்டி, பரீட்சையில் பாஸ் பண்ணின பொடியன் மாதிரி நின்றார். மண்ணிறம். நாங்கள் இருவரும் அதைப் பார்த்துச் சிரித்தோம், சிரித்துக்கொண்டே நான் அழுதேன்.

செங்கமாரி, அதுதான் மஞ்சட்காமாலை, என்று கேள்விப்பட்டதும் மேல்வீட்டு அன்ரி படியால் ஓடி வந்தா. தான் போட்ட தூளைத் தானே தும்புத்தடியால் கூட்டினா. ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த காய்ந்த கீழ்க்காய்நெல்லியைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து தந்தா.

"அவிச்சுக் குடு பிள்ளை. எத்தினை பேருக்குச் செங்கமாரி இதில மாறினது."

"இது அந்தச் செங்கமாரி இல்லை அன்ரி. குழாய் அடைச்சது."

"குடுத்துப் பார். பித்தம் இறங்கட்டும்."

பித்தம் இறங்க வழியில்லாததுதான் நோய் என்று நான் அவவுக்கு எப்படி விளங்கப்படுத்துவேன்? ஈரலைச் சீவிச் சீவிப் பார்த்த எனக்கு, அந்தச் செடி ஒரு அடைப்பையும் திறக்காது என்று தெரியும். தெரிந்துகொண்டே அவித்தேன். தெரிந்துகொண்டே குடிக்கக் கொடுத்தேன். யாராவது சாணியைக் கரைத்துக் கொடு என்றாலும் கொடுத்திருப்பேன்.

ஆய்வுகூடத்தில் ஒரு தொகுதி எலிகளுக்குக் கட்டிய குழாயைப் பிறகு திறந்து, பித்தம் ஓட வழி செய்திருந்தார்கள். அவற்றின் ஈரல் சீவல்களை நான்தான் சாயம் போட்டேன். சிவப்பு குறைந்திருந்தது. நார் கரைந்து, கலங்கள் திரும்ப வளர்ந்திருந்தன. அந்தக் கண்ணாடித் துண்டை நுணுக்குக்காட்டியில் வைத்து, ஒரு நாளில் எத்தனை தரம் பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. வேறு ஆட்கள் சாமிப் படத்தைப் பார்ப்பது போல அதைப் பார்த்தேன். ரீச்சர் ஒரு நாள் என் பின்னால் வந்து நின்றா.

அவவுக்கு எல்லாம் தெரியும். நான் கேட்டேன், திறந்துவிட்டால் மனித ஈரலும் இப்படித் திரும்புமா என்று. நேரத்துக்குத் திறந்தால் திரும்பும் என்றா. திறந்தபடி இருந்தால், என்று பிறகு சேர்த்தா. அது ஏன் கடிக்கிறது, பித்தத்திலே எந்த மூலக்கூறு தோலில் போய் அப்படிக் கடிக்கிறது என்றும் கேட்டேன். யாருக்கும் சரியாகத் தெரியாது என்றா. எனக்குக் கோபம் வந்தது. ஈரல் கலம் கொலையாகிறதா தற்கொலை செய்கிறதா என்று மாதக்கணக்காகச் சண்டை பிடிக்கிறீர்கள், ஒரு மனிதன் ஏன் தன் தோலைத் தானே பிய்க்கிறான் என்று தெரியாதா என்று கத்திவிட்டேன். அவ எலி அறைக்கு இனி நீ போக வேண்டாம், வேறு ஆளைப் போடுகிறேன் என்றா. நான் மறுத்துவிட்டேன். அந்த எலிகளை விட்டு வர எனக்குப் பயமாக இருந்தது. கட்டிய எலி ஒன்று வழக்கத்தைவிடக் கூட நாள் உயிரோடு இருந்தால் எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. படித்தவள் செய்யிற வேலையா இது? செய்தேன்.

அந்தக் கோடை எங்களுக்குக் கிடைத்தது. அவர் வேலைக்குப் போகவில்லை, நான் பின்னேரங்களில் நேரத்தோடு வந்துவிடுவேன். ரொறன்ரோவுக்கு வந்து முதல் தடவையாக ஒரே நேரத்தில் சாப்பிட்டோம், ஒரே நேரத்தில் படுத்தோம். பிளாஸ்ரிக் குழாய் அடைபடும், கடி தொடங்கும், ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம், புதிதாக மாற்றுவார்கள். கடிதான் எங்களுக்கு மணியடிக்கும். கடிச்சால் உடனே சொல்ல வேண்டும் என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அவரும் ஒவ்வொரு முறையும் ஒழுங்காகச் சொன்னார். "இஞ்சாரும், பைற்றிங் துவங்கியிட்டுது" என்பார். அதைச் சொல்லி என்னைச் சிரிக்க வைப்பதற்கே அப்படிச் சொல்வார்.

இலைகள் சிவக்கத் தொடங்கிய நேரம் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வளர்ச்சி மேலே போய்விட்டது, உள்ளே இருக்கும் குழாய்தான் கடைசி, இது அடைபட்டால் இன்னொன்று செருக இடமில்லை என்றார். வெளியே வந்தபோது என் கணவர் நடைபாதைக் கதிரையில் இருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு எழும்பிக் கோட்டைப் போட்டார். பஸ்ஸில் வரும்போது நான்தான் சொன்னேன். ஒளிக்க எனக்குத் தெரியாது. அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு ஓம், சரி என்றார்.

பனி விழுவதற்கு முன்னே அவர் போய்விட்டார். ஆஸ்பத்திரிக் கடைசி நாட்களை நான் எழுத மாட்டேன். அங்கே நடந்தது எல்லாம் எனக்கு முன்னமே பாடம். நான் அவரை இழந்தது அதற்கு முன்னே, வீட்டில், ஒரு சாதாரணப் பின்னேரம்.

நான் வேலையால் வந்து முகம் கழுவி, பிரிட்ஜுக்கு மேலே இருந்த சாமிப் படங்களுக்கு விளக்கு வைத்துவிட்டு, அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். அவர் கட்டில் விளிம்பில் இருந்தார்.

"இஞ்சாரும்" என்றார். "அந்த நகவெட்டியை ஒருக்கா எடுத்துக்கொண்டு வாரும்."

நான் கையைத் துடைக்காமல் திரும்பினேன்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை. விளக்கும் வைச்சிட்டன்."

"தெரியும்."

அவர் பகிடி சொல்லவில்லை. பைற்றிங் என்ற சொல்லையும் எடுக்கவில்லை. புதிதாகச் சொறிந்த கீறல்களோடு இரண்டு கைகளையும் என் பக்கம் நீட்டினார். நான் போய் அவருக்கு முன்னால் நிலத்தில் இருந்தேன். நகங்கள் முந்தநாள்தான் வெட்டியிருந்தேன், வெட்ட அங்கே ஒன்றும் இருக்கவில்லை. நான் ஒவ்வொரு விரலாகப் பிடித்து வெட்டினேன்.